காலியாக விடப்பட்ட இரண்டு வரி

ஏப்ரல் 26, புதன்கிழமை. விடியுமுன் எழுந்தேன். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிவிட்டுக் குளித்தேன். இரண்டு இட்லி, சர்க்கரை மாத்திரை. மதியத்துக்கு எலுமிச்சை சாதமும் மோர் மிளகாயும் டப்பாவில் கட்டிக்கொண்டேன். பையில் பேனாக்கள், மூக்குக் கண்ணாடி, பணி ஆணையின் நகல், துண்டு. கறம்பக்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் முதல் வண்டியில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. விடைத்தாள் திருத்தும் முகாமின் வாசலில் கைப்பேசியை ஒப்படைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அன்றைய நாட்குறிப்பில் காலைப் பகுதி இவ்வளவுதான். மற்ற நாள்களிலும் ஏறக்குறைய இதே வரிகள்தான் இருக்கும். ஆனால் அன்று மாலைப் பகுதி பக்கம் கடந்து போயிருக்கிறது.

வரும் கோடையில் முதல் முறையாகப் பத்தாம் வகுப்பு அறிவியல் விடைத்தாள் திருத்தப் போகும் நீங்கள் சிலர் என்னிடம் கேட்டீர்கள், பெருவினாவுக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று. எப்படிப் போடுவது என்பதை விடைக்குறிப்பே சொல்லிவிடும். படிக்குப் படி, படத்துக்கு இவ்வளவு, பாகம் குறித்ததற்கு இவ்வளவு என்று அச்சடித்துக் கையில் கொடுப்பார்கள். அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. விடைக்குறிப்பில் இல்லாத ஒன்று உங்கள் மேசைக்கு வரும்போது என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி. எனக்கு அது அந்தப் புதன்கிழமை வந்தது.

முதலில் ஏழு மதிப்பெண் வினாவைப் பற்றி ஒன்று. ஒரு மதிப்பெண் வினாவில் ஒரு பிள்ளை தெரியும். இரண்டு மதிப்பெண்ணில் கொஞ்சம் வகுப்பு தெரியும். ஏழு மதிப்பெண் விடையில் பிள்ளை அநேகமாக மறைந்துவிடுவான், அவனுக்குப் பாடம் எடுத்தவர் முழுசாக வந்து நிற்பார். அவர் எங்கே அடிக்கோடு போடுவார், எந்தப் படத்தை அவசரமாக வரைவார், எந்தப் பாடத்தை மார்ச் மாதத்தில் ஓட்டினார் என்பதெல்லாம் தெரியும். எதையும் காலியாக விடாதே என்று மிரட்டி அனுப்பிய பள்ளிகளின் பிள்ளைகள், விடை தெரியாவிட்டால் வினாவையே திரும்பத் திரும்ப எழுதி ஒரு பக்கத்தை நிரப்பியிருப்பார்கள். அழகான கையெழுத்தில், கறுப்பு மையில் தலைப்பிட்டு, வினாவை மட்டும். அதைப் பார்த்துச் சிரிக்கும் ஆசிரியர்களை எனக்குப் பிடிக்காது. சொன்னதைச் செய்த பிள்ளைகள் அவர்கள்.

அந்த ஆண்டு நான் தலைமைத் தேர்வாளர். உதவித் தேர்வாளர்கள் திருத்திய தாள்களில் சிலவற்றை மறுபடி பார்த்துக் கையெழுத்திடுவது என் வேலை. என் மேசையில் இருந்தவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர் அமுதா மிஸ். புதுக்கோட்டையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் வேலை, முகாமுக்கு முதல் முறை, ஒரு கால் மதிப்பெண்ணைக் கூட யோசித்துப் போடுபவர். இன்னொருவர் ஆவூர்க்காரர் சூசை சார். கிராமத்து உயர்நிலைப் பள்ளியொன்றில் நீண்ட நாள் அறிவியல் ஆசிரியர். கை திருத்திக்கொண்டே இருக்கும், வாய் பேசிக்கொண்டே இருக்கும்.

விடைத்தாள்கள் மாவட்டம் மாறி வரும். எந்த ஊர், எந்தப் பள்ளி என்று நமக்குத் தெரியாது. ஒரே கட்டாகக் கட்டி வருபவை பெரும்பாலும் ஒரே மையத்தில் எழுதியவை, அவ்வளவுதான் தெரியும். தேநீர் வருவதற்குச் சற்று முன்பு அமுதா மிஸ் தலையைத் தூக்கினார்.

"சார், கொஞ்சம் இங்கிட்டு வாங்களேன்."

"என்ன மிஸ், படத்துல எலிக்கு வாலு இல்லையா?" என்றார் சூசை சார்.

"நீங்க சும்மா இருங்க சார். இது வேற."

நியூட்டனின் இரண்டாம் விதியிலிருந்து விசையின் சமன்பாட்டைத் தருவிக்கும் வினா. உங்களுக்கு மனப்பாடம். நிறை m, தொடக்கத் திசைவேகம் u, இறுதித் திசைவேகம் v. உந்த மாற்றத்தைக் காலத்தால் வகுத்து, விகிதக் குறியை எடுத்துவிட்டு K என்ற மாறிலியைப் போடுகிறோம். K-இன் மதிப்பு ஒன்று என்று சொல்லி, (v−u)/t என்பதுதான் முடுக்கம் என்று சொல்லி, F = ma என்று முடிக்கிறோம்.

அமுதா மிஸ் காட்டிய தாளில் K வரைக்கும் எல்லாம் சரி. அதற்குப் பிறகு இரண்டு வரி அளவுக்கு வெற்றிடம். அதற்குக் கீழே F = m × a என்று எழுதிக் கட்டம் கட்டியிருந்தது.

"K எங்க சார் போச்சு?" என்றார்.

"மறந்திருப்பான்" என்றேன்.

"ஒருத்தன் மறக்கலாம். இதப் பாருங்க." அடுத்த தாளைத் திருப்பினார். அதே இடத்தில் அதே வெற்றிடம். அடுத்ததிலும் அப்படியே. ஒரு தாளில் அந்த இடம் பக்கத்தின் அடியில் வந்திருந்தது. அந்தப் பிள்ளை மிச்சமிருந்த இரண்டு வரியை விட்டுவிட்டு, புதிய பக்கத்தில் F = m × a என்று தொடங்கியிருந்தது. ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் தருவிப்புக்கு முன்னால் ஒரே எடுத்துக்காட்டு: தண்ணீர் லாரி காலியாக இருந்தால் நாலு பேர் தள்ளலாம், நிரம்பியிருந்தால் ஊரே வந்தாலும் தள்ள முடியாது.

"இது புத்தகத்துல கெடையாது சார். எல்லாரும் ஒரே பிட்டப் பாத்து எழுதியிருக்காங்க. ரிப்போர்ட் பண்ணணும்."

அவர் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் திருத்தும் அறையில் அந்தச் சொல்லுக்குத் தனிக் காது உண்டு. முகாம் அலுவலர் அப்போது அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தார். நின்றுவிட்டார்.

முறைகேடு என்று எழுதி அனுப்பினால் என்ன ஆகும் என்று புதியவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்தத் தாள்களின் முடிவு நிறுத்தி வைக்கப்படும். பிள்ளை பெற்றோரோடு விசாரணைக்குப் போக வேண்டும். என் பள்ளியில் முன்பு ஒருமுறை அப்படி நடந்தது. ஒரு பெண், பக்கத்துத் தாளும் அவள் தாளும் ஒன்றுபோல இருக்கின்றன என்று அவள் முடிவை நிறுத்திவிட்டார்கள். அவளுடைய ஆத்தா நடவு வேலையை விட்டுவிட்டு இரண்டு தடவை அவளைக் கூட்டிக்கொண்டு அலைந்தாள். குற்றமில்லை என்று உத்தரவுத் தாள் வந்தபோது பிளஸ் ஒன் வகுப்பு தொடங்கி வெகு நாளாகியிருந்தது. நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். "அவ திருப்பூர் போயிட்டாளே சார், பனியன் கம்பெனிக்கு" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். படித்துக் காட்டுங்கள் என்று கூடக் கேட்கவில்லை.

அதனால் முகாம் அலுவலர் "கட்ட எடுத்து வைங்க சார், அனுப்பிருவோம்" என்றபோது என் கையிலிருந்த தாள்களை அவரிடம் கொடுக்கவில்லை.

"மதியம் வரைக்கும் டைம் குடுங்க சார். பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

"பாக்க என்னங்க இருக்கு? கண்ணுக்கு முன்னால தெரியுது."

"கண்ணுக்குத் தெரியறது காலி இடம் சார். காலி இடத்த யாரும் காப்பி அடிக்க மாட்டாங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

இங்கேதான் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது. சந்தேகம் வந்ததும் எது ஒன்றாக இருக்கிறது என்று தேடாதீர்கள். அது ஏற்கெனவே தெரிந்துவிட்டது, அதனால்தான் சந்தேகமே வந்தது. எது வேறாக இருக்கிறது என்று தேடுங்கள். நான் அந்தத் தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பி அதைத்தான் பார்த்தேன். ஒன்றில் u-வும் v-யும் இடம் மாறியிருந்தன. ஒன்றில் லாரி வரவில்லை, தருவிப்பு மட்டும். ஒன்றில் லாரி நிரம்பியிருந்தால் தள்ளலாம் என்று தலைகீழாக இருந்தது. ஒரு பிள்ளை நடுவில் ஒரு படியை மறந்து, பிறகு ஞாபகம் வந்து ஓரத்தில் எழுதி அம்புக்குறி போட்டிருந்தது. பார்த்து எழுதுபவன் ஓர் எழுத்தைத் தவறாகப் பார்ப்பான். ஒரு படியை மறந்துவிட்டுப் பிறகு ஞாபகப்படுத்திக்கொள்ள மாட்டான். பிட் எழுதுகிறவனுக்கு உள்ளங்கை அகலத் தாள்தான் கிடைக்கும், அதில் இரண்டு வரியைக் காலியாக விடுவானா?

ஆகவே இவை மனப்பாடம். அதுவரை எனக்குத் தெரிந்தது. ஆனால் வெற்றிடத்தை ஏன் மனப்பாடம் செய்தார்கள்?

கட்டின் கடைசிக்குச் சற்று முன்னால் இருந்த தாளில் விடை கிடைத்தது. அந்தப் பிள்ளை இடத்தைக் காலியாக விடவில்லை. உருண்டையான கையெழுத்தில், அடைப்புக்குறிக்குள், கறுப்பு மையால் அடிக்கோடிட்டு எழுதியிருந்தது:

(இங்கே சார் சொல்வார்)

சூசை சாரிடம் நீட்டினேன். அவர் படித்தார். சிரிக்கத் தொடங்கினார், பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"போர்டுங்க சார். போர்டு."

"என்ன போர்டு?" என்றார் அமுதா மிஸ்.

"ஒங்க ஸ்கூல்ல பச்சைக் கண்ணாடி போர்டும்மா. எங்களுக்குச் சுவத்துல சிமெண்டு பூசி, கருப்படிச்சது. நடுவுல பொத்துக்கிட்டு விழும். என் வகுப்புல இந்த அகலத்துக்கு விழுந்து கெடக்கு. சாக்பீஸ் வச்சா செங்கல்தான் தெரியும். அது வரைக்கும் வந்ததும் எழுதறத நிப்பாட்டிட்டு வாயால சொல்லிட்டு, அதுக்குக் கீழ போயி எழுதுவேன். பிள்ளைங்க போர்டுல என்ன இருக்கோ அதத்தான் எழுதிக்கும். எடம் விட்டா அதுகளும் எடம் விடும்."

"அதுக்குன்னு பரிச்சையிலுமா சார்?"

"பரிச்சைக்கு வேற மண்டையா மாட்டிக்கிட்டு வரும்?"

அமுதா மிஸ் அந்தத் தாளை வாங்கி மறுபடி படித்தார். அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். சந்தேகம் போய், கோபம் வேறு இடத்துக்கு நகர்ந்திருந்தது.

அந்த ஆசிரியர் மேல் எனக்கும் கோபம் வந்தது. ஆனால் அது முழுசாக வரவிடாமல் அந்தத் தண்ணீர் லாரி நின்றது. கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும் பிள்ளைகளுக்கு நிறை என்றால் என்ன என்று யோசித்துத்தானே அதைச் சொல்லியிருக்கிறார். வேலை செய்யாதவர் இல்லை. யோசித்துச் சொன்ன அந்த மனிதர்தான், சுவர் பெயர்ந்த இடத்தில் காரணத்தை வாயால் சொல்லிவிட்டுச் சூத்திரத்தை மட்டும் எழுதியிருக்கிறார். சொன்னது காற்றோடு போயிற்று. எழுதியது பரீட்சை வரைக்கும் வந்தது. பலகையில் அந்த இரண்டு வரி ஏன் இல்லை என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கத்தை யாரும் கொடுத்திருக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு முகாம் அலுவலர் அறைக்குப் போனேன். அமுதா மிஸ்ஸும் கூட வந்தார், நான் அழைக்கவில்லை. அலுவலர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பயந்தவர். அந்தத் தாளைப் படித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். நாளைக்கு ஒருத்தன் விடைத்தாள் நகல் வாங்குறான். நாலு பேரு தாள ஒண்ணா வச்சுப் பாக்குறான். எல்லாத்துலயும் ஒரே எடத்துல ஓட்டை. யாரக் கேப்பாங்க? என்னைய. எனக்கு இன்னும் ரெண்டு வருசம் சர்வீஸ் இருக்கு சார்."

"எனக்கும் சர்வீஸ் இருக்குங்க."

"அப்ப நீங்களே எழுதிக் குடுங்க. காப்பி இல்ல, இன்ன காரணம், நான் பொறுப்புன்னு. எம் பேரு அதுல வரக் கூடாது."

எழுதினேன். தாளின் நிலை, வேறுபாடுகள், என் முடிவு எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

அப்போதுதான் அமுதா மிஸ் வாயைத் திறந்தார். "சார், பிள்ளைங்க தப்பு இல்லன்னு ஆயிருச்சு. அப்ப அந்த வாத்தியாரப் பத்தி எழுதுவோமா? அந்தப் பள்ளிக்கூடத்துப் போர்டப் பத்தி?"

"எதுல எழுதுவீங்க?" என்றார் அலுவலர்.

"முறைகேடு எழுதுற ஃபார்ம்லதான்."

அலுவலர் அலமாரியிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்து அமுதா மிஸ் முன்னால் போட்டார். "நீங்களே பாருங்கம்மா. மாணவர் எண், முறைகேட்டின் தன்மை, கைப்பற்றிய பொருள். வாத்தியாருக்குக் கட்டம் இருக்கா? போர்டுக்கு இருக்கா?"

அமுதா மிஸ் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார்.

அந்தக் கடிதம் என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாள்கள் நிறுத்தப்படவில்லை. அவற்றின் மதிப்பெண்கள் மற்றவற்றோடு சேர்ந்து போயின. யாரும் நகல் கேட்டதாகத் தெரியவில்லை. கடிதத்தை யாரும் படித்ததாகவும் தெரியவில்லை, ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த ஆண்டு எனக்குத் தலைமைத் தேர்வாளர் ஆணை வரவில்லை. அதற்கடுத்த ஆண்டும் வரவில்லை. "நீங்க பிரச்சினைய எழுத்துல வைக்கிற ஆளு சார்" என்று அலுவலகத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எழுத்தில் வைப்பதற்காகத்தான் நம்மைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். பிறகு விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன். அதை மட்டும் ஒரே வாரத்தில் படித்துவிட்டார்கள்.

திரும்ப மேசைக்கு வந்ததும் மதிப்பெண் போடும் வேலை மிச்சமிருந்தது. அமுதா மிஸ் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அஞ்சு" என்றேன். "விடுபட்ட படிகளுக்கு ரெண்டு போச்சு."

"அந்த ரெண்டு வரியும் அதுங்க தப்பா சார்?"

"இல்ல."

"அப்பறம்?"

"தாள்ல இல்லாததுக்கு மார்க் போட முடியாது மிஸ்."

"போர்டுல இல்லாதது தாள்ல எப்புடி சார் வரும்?"

சூசை சார் தன் தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "அந்த சாரு நேர்ல வந்து சொல்லட்டும்மா. ரெண்டு மார்க்கையும் போட்டுருவோம்."

யாரும் சிரிக்கவில்லை. அமுதா மிஸ் ஒவ்வொரு தாளிலும் ஐந்து போட்டுக்கொண்டே போனார், u-வும் v-யும் இடம் மாறிய தாளில் மட்டும் நாலு. அடைப்புக்குறி போட்டிருந்த தாள் வந்ததும் நிறுத்தினார். "இதுக்கு?" என்றார். அந்தப் பிள்ளை மட்டும்தான் அந்த இடத்தில் ஏதோ ஒன்று வர வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தது. அது என்ன என்று அதற்குத் தெரியாது. ஆனால் அங்கே ஒன்று இருக்கிறது என்பது தெரியும். அந்தக் கட்டு முழுவதிலும் அறிவியலுக்கு மிக அருகில் வந்த விடை அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். விடைக்குறிப்பில் அதற்கு இடமில்லை.

"அஞ்சுதான்" என்றேன். போட்டார். நான் சரிபார்த்துக் கையெழுத்திட்டேன்.

நீங்கள் என்னிடம் எதிர்பார்ப்பது இப்போது தெரிகிறது. பெருவினா எழுதுவது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நாலு குறிப்பு. தலைப்பிடு, அடிக்கோடு போடு, படத்தைப் பென்சிலால் வரை, எல்லாவற்றையும் நீங்களே சொல்லிவிடுவீர்கள். அவர்களும் செய்துவிடுவார்கள். நீங்கள் எதைச் சொன்னாலும் செய்துவிடுவார்கள் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தருவிப்பில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏன் போகிறோம் என்று ஒரு பிள்ளையை எழுந்து நின்று சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் மேலே போகாதீர்கள். பாடம் முடியாமல் போகும், தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்பார். கேட்கட்டும். இதைச் செய்பவர்கள் உங்களில் ஒருவரோ இருவரோதான் இருப்பீர்கள். அதற்கு மேல் நான் எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

அன்று மாலை பேருந்தில் இடம் கிடைக்கவில்லை. பாதி வழி நின்றுகொண்டே வந்தேன். நம்முடைய பிள்ளைகளின் தாள்கள் இந்நேரம் எந்த மாவட்டத்தில், யாருடைய மேசையில் இருக்கின்றனவோ என்று நினைத்தது நாட்குறிப்பில் இருக்கிறது.

மறுநாள் காலை, முகாமில் முதல் வேலையாக அமுதா மிஸ்ஸுக்கு வந்த கட்டைப் பிரித்தோம். அவர் நேராக அந்த வினாவுக்குத்தான் திருப்பினார். தண்ணீர் லாரி காலியாக இருந்தால் நாலு பேர் தள்ளலாம், நிரம்பியிருந்தால் ஊரே வந்தாலும் தள்ள முடியாது. அதே ஆசிரியர். வேறு பிரிவாக இருக்க வேண்டும். இந்த வகுப்பறையில் சுவர் பெயரவில்லை போலும். K-இன் மதிப்பு ஒன்று, (v−u)/t என்பது முடுக்கம், எல்லா வரியும் இருந்தன. ஒவ்வொரு தாளிலும் அதே சொற்கள், அதே வரிசை, அதே இடத்தில் அடிக்கோடு.

முகாம் அலுவலர் சுற்றி வந்தவர் எங்கள் மேசைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். தாளுக்குத் தாள் அமுதா மிஸ் போட்டிருந்தது ஏழு.

"பாத்தீங்களா சார்" என்றார் திருப்தியாக. "படிச்ச பிள்ளைங்க எழுதுறது இப்புடித்தான் இருக்கும்."

அமுதா மிஸ் என்னைப் பார்த்தார். நான் முதல் தாளை என் பக்கம் இழுத்து, ஏழு சரிதானா என்று விடைக்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட்டேன்.